வளவன் சாக வேண்டிய அத்தியாயம்

முருங்கைக்கீரை ஆய்வதில் ஒரு சௌகரியம் உண்டு. கை வேலையில் இருப்பது ஊருக்கே தெரியும், மனசு எங்கே போய் மேய்ந்துவிட்டு வந்தாலும் யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. மங்கையர்க்கரசி சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பரை விரித்து, கீரைக்கட்டை அதன்மேல் பிரித்துப் போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்து ஆய்ந்துகொண்டிருந்தாள். மேஜையின் மறுகோடியில் வெள்ளைத் தாள்களும் பேனாவும் இருந்தன. அந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. சாயந்திரம் பத்திரிகை ஆபீசிலிருந்து உதவி ஆசிரியர் ஜோதிலிங்கம் வந்து, தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தை வாங்கிக்கொண்டு போவார். அதில் விண்வெளிக் கப்பலின் தலைவன் கேப்டன் வளவன் சாக வேண்டும். அந்த வளவனை இத்தனை வருஷமாக வாராவாரம் வரைந்த ஓவியர் குழந்தைவேலு, அவள் கணவர், பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். கணையத்தில் வந்திருக்கிறது, இனி கத்தி வைத்துப் பிரயோஜனமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பிடித்ததைச் செய்து கொடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். என்னங்க பிடிக்கும் என்று கேட்டால், முருங்கைக்கீரை போட்ட அடை என்றார் மனுஷர், அதுவும் ராத்திரிக்கு. ராத்திரியில கீரை ஜீரணம் ஆகாதுங்க என்று வாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டாள். "இனிமே ஜீரணம் ஆனா என்ன, ஆகாட்டி என்ன அரசி?" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவில் போன கீரைக்காரியைக் கூப்பிட்டு, பேரம்கூடப் பேசாமல் இரண்டு கட்டு வாங்கினாள்.

காம்பைப் பிடித்து உருவினால் இலை வரும், கூடவே நார்க்காம்பும் வரும். அதைத் தனியாகப் பொறுக்க வேண்டும். பொறுக்கியதைப் பேப்பரின் ஓரத்தில் ஒதுக்கினாள். அறையிலிருந்து மூச்சுச் சத்தம் வருகிறதா என்று காது தானாகப் போய் நின்றது. வந்தது. மின்விசிறிச் சத்தத்துக்குள் புகுந்து தேடி எடுக்க வேண்டியிருந்தது, ஆனால் வந்தது. வளவனை எப்படிக் கொல்வது? கொல்வது என்ற வார்த்தையே அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆபீசில் அப்படித்தான் பேசுவார்கள். ஆளைக் கொன்னுடுங்கம்மா, நல்லா விக்கும் என்று பழைய ஆசிரியர் ஒருமுறை டீ குடித்துக்கொண்டே சொன்னார். அவள் கொல்லவில்லை. ஒருத்தரையும் கொன்றதில்லை. அவள் எழுதிய விஞ்ஞானக் கதைகளில் செத்தவன் யாராவது செத்தபடியே இருந்தது உண்டா? ஒருவனை மைனஸ் டிகிரியில் உறைய வைத்துக் காப்பாற்றினாள். ஒருவன் மூளையில் இருந்ததையெல்லாம் ஒரு கண்ணாடித் துண்டில் இறக்கி வேறு உடம்பில் ஏற்றினாள். ஒருத்திக்காகக் காலத்தையே பின்னால் தள்ளி, விபத்து நடந்த தெருவில் அன்றைக்கு மழை பெய்ய வைத்து, அவளை வீட்டைவிட்டு வெளியே வரவிடாமல் செய்தாள். ஒரு கிரகத்தில் சாவே கிடையாது. அங்கே யாரும் யாரையும் போய்ப் பார்ப்பதில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அதை எழுதியபோது அவளுக்கு வயசு முப்பதுக்குள்தான். பெரிய தத்துவம் எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். இப்போது அந்தக் கிரகத்துக்கு டிக்கெட் கொடுத்தால் இந்தக் கீரையை இப்படியே போட்டுவிட்டு அவரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு ஓடிவிடுவாள். போய்ப் பார்க்காவிட்டால் என்ன, பக்கத்து அறையில் இருந்தால் போதாதா? தீபாவளி மலருக்கு மாயாஜாலக் கதை கேட்பார்கள், அதிலும் அதே கதைதான். ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு குகை, குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் அரக்கனின் உயிர். குழந்தைவேலு அந்தக் கிளியை வரைந்துகொண்டே கேட்டார், "ஏன் அரசி, உன் விஞ்ஞானமெல்லாம் இந்தக் கிளிக்குச் சட்டை மாட்டி விட்டதுதானே?" அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது, இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது சரி. அதனால்தான் ரோஷம் வந்தது. உயிரை எங்கேயாவது எடுத்து ஒளித்து வைத்துவிட முடியாதா என்ற ஒரே ஏக்கத்தைத்தான் வாரம் ஒரு பெயர் வைத்து எழுதி வந்திருக்கிறாள்.

அவர்கள் இருவரும் வேலை செய்த விதமே தலைகீழ். பத்திரிகையில் வண்ணப் பக்கங்கள் முன்கூட்டியே அச்சுக்குப் போய்விடும். அதனால் கதைக்கு முன்னால் படம் வேண்டும். அவர் மடியில் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "இந்த வாரம் என்ன வருது?" என்று கேட்பார். அவள் அடுப்படியில் புளியைக் கரைத்துக்கொண்டே, மூணு சூரியன் இருக்கிற ஊருங்க, அங்க நிழலே விழாது, வளவன் தன் நிழலைத் தேடிக்கிட்டுப் போறான் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வாள். அதுவரை அவளுக்கும் தெரியாது. அவர் வரைந்துவிடுவார். பிறகு அவர் வரைந்ததற்குத் தகுந்த மாதிரி அவள் எழுத வேண்டும். அவர் சும்மாவும் இருக்கமாட்டார். அவள் மரம் என்று சொன்னால் அதற்கு ஒரு வாலையும் சேர்த்து வரைந்து அனுப்பிவிடுவார், அந்த மரத்துக்கு ஏன் வால் என்று விஞ்ஞான ரீதியாக விளக்கம் சொல்ல அவள் ஒரு ராத்திரி முழுக்க முழிப்பாள். வளவனின் முகம் அவர் முகமேதான். மாடலுக்கு ஆள் வைக்க வசதியில்லாத காலம், முகம் மழிக்கிற கண்ணாடியைப் பார்த்து வரைந்தார். கப்பலில் வளவன் ஒருத்தன்தான், கூட எந்நேரமும் அவனோடு வாதாடுகிற ஒரு கம்ப்யூட்டர். ஒரு பெண்ணையும் சேர்க்கலாம் என்று ஆசிரியர் சொல்லிப் பார்த்தார். குழந்தைவேலு எந்தப் பெண்ணை வரைந்தாலும் அவருடைய விருத்தாசலத்து அக்கா ஜாடை வந்துவிடும், அந்த முகத்தை வைத்துக்கொண்டு விண்வெளியில் காதல் நடக்காது என்று விட்டுவிட்டார்கள். வளவனுக்கு வயசும் ஆகாது. ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் போகிறவனுக்கு வயசு ஏறாது என்பது விஞ்ஞானம். அதனால் குழந்தைவேலுவுக்குத் தலை வழுக்கையாகி, பல் கட்டி, கண்ணாடி தடித்த பிறகும், பத்திரிகையில் வாராவாரம் அவருடைய முப்பது வயசு முகம் வந்துகொண்டிருந்தது. அடர்ந்த முடி, ஒரு பக்கம் லேசாகக் கோணிய உதடு. பத்திரிகை வந்ததும் அவள் முதலில் அதைத்தான் பார்ப்பாள். கதை சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதாக அவரிடம் சொல்வாள்.

கீரையில் ஒரு பூச்சி. பச்சையாக, இலை நிறத்திலேயே இருந்தது. எடுத்து ஜன்னலுக்கு வெளியே விட்டாள். ஒளியின் வேகத்தில் போகிறவன் திரும்பி வரும்போது ஊரில் எல்லோரும் கிழடாகிவிட்டிருப்பார்கள், அல்லது போய்ச் சேர்ந்திருப்பார்கள். அந்த அத்தியாயத்துக்கு வாசகர்கள் அழுதார்கள். வளவன் தன் தெருவுக்கு வந்து, தெருவே இல்லாமல் நிற்பான். அவனுக்காகத்தான் எல்லோரும் அழுதார்கள், அவளும் அவனுக்காகத்தான் அழுது எழுதினாள். அவன் ஏணியில் ஏறிக் கையசைத்ததை எழுதினாள். அவனை வழியனுப்பக் கீழே நின்று கையசைத்தவள் அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்குப் போய் என்ன செய்தாள்? ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போட்டாள்? அதை எழுதவே இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. எத்தனை வருஷம் எழுதியிருக்கிறாய் மங்கையர்க்கரசி, ஒரு வரி அவளுக்கு எழுதியிருக்கக் கூடாதா? எழுதி வைத்திருந்தால் இப்போது எடுத்துப் படித்துப் பார்த்துக்கொள்ளலாமே. காது மறுபடி அறைக்குப் போனது. மூச்சு கேட்கவில்லை. மின்விசிறிதான் கேட்டது. கையில் இருந்த கொத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள், நாற்காலி கிறீச்சிட்டது, எழுப்பிவிடுமோ என்று பயந்தாள், எழுப்பினால்தான் என்ன, எழுந்தால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டே கதவோரம் போய் நின்றாள். பனியன் மேலே ஏறியது. இறங்கியது. அடுத்தது ஏற இத்தனை நேரமா? ஏறியது. அப்பாடா.

தூக்கத்தையும் சாவையும் படத்தில் பிரித்துக் காட்ட முடியாது என்பது அவர்கள் இருவரும் பட்டுத் தெரிந்துகொண்ட சங்கதி. தொடர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சமயம், ஒரு வாரம் அவளுக்குக் காய்ச்சல். என்ன வருது என்று அவர் கேட்டதற்கு, போர்வைக்குள்ளிருந்தே, வளவன் நீண்ட பயணத்துக்காக உறைதூக்கத்துல படுத்துக்கறான் என்று சொன்னாள். அவர் வரைந்தார். கண்ணாடிப் பெட்டி, அதற்குள் வளவன் மல்லாந்து, கண்ணை மூடி, நெஞ்சில் கையைக் கோத்து. பெட்டியைச் சுற்றி வெறுமையாக இருக்கிறதே என்று அந்த மகானுபாவர் ஏதோ ஒரு கிரகத்துப் பூக்களைக் கொத்துக் கொத்தாகப் போட்டுவிட்டார். அடுத்த வாரத்துக்கான முன்னோட்டமாக, கதை ஒரு வரிகூட இல்லாமல், அந்தப் படம் மட்டும் முழுப் பக்கத்துக்கு வந்தது. அவ்வளவுதான். தந்தி வந்தது. அழுத கடிதங்கள் மூட்டையாக வந்தன. பரமக்குடியில் ஒரு வாசகர் மன்றம் வளவனுக்கு அஞ்சலிக் கூட்டமே நடத்தி, மாலை போட்ட படத்தோடு போட்டோவும் எடுத்து அனுப்பியது. மாலைக்குள் இருந்தது இவர் முகம். அந்தப் போட்டோவைப் பார்த்துக் குழந்தைவேலு தரையில் உருண்டு சிரித்தார். "பாரு, எனக்கு எவ்வளவு கூட்டம்!" என்றார். அவள் அதைப் பிடுங்கிக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். ஏன் அழுதாய் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த வாரமே வளவனை எழுப்பிவிட்டாள். பெட்டியிலிருந்து எழுந்து உட்கார்ந்ததும் கம்ப்யூட்டரிடம் அவன் காபி கேட்டான். தமிழ்நாடே மூச்சு விட்டது என்று ஆசிரியர் தலையங்கம் எழுதினார். அவருக்கு எதையும் கொஞ்சம் பெரிதாகச் சொன்னால்தான் தூக்கம் வரும்.

எழுப்பிவிட்டாள். அத்தனை சுலபமாக இருந்தது. அதிலிருந்து அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது, வெளியே சொன்னால் சிரிப்பார்கள், விஞ்ஞானக் கதை எழுதுகிறவள் இப்படியா என்பார்கள். அத்தியாயத்தின் கீழே தொடரும் என்று எழுதுகிறாளே, அந்த வார்த்தைதான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது என்ற எண்ணம். மஞ்சள் காமாலையில் அவர் கிடந்தபோது எழுதினாள், எழுந்துவிட்டார். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது எழுதினாள், நடந்துவிட்டார். முறிந்த காலுக்கு மாவுக்கட்டு போட்ட எலும்பு டாக்டருக்கு அதில் பங்கு உண்டு என்று அவளுக்குத் தெரியாமலா? தெரியும். ஆனாலும் இந்த முறை ஸ்கேன் எடுத்த வாரம் ஒன்றுக்கு இரண்டு அத்தியாயமாக எழுதிக் கொடுத்தாள். பத்திரிகைதான் இப்போது இளைத்துவிட்டது, தொடர்கதைப் பக்கத்தையே எடுத்துவிடப் போகிறார்கள். முடித்துக் கொடுங்கள் அம்மா என்று ஜோதிலிங்கம் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டார். எப்படி வேண்டுமானாலும் முடிக்கலாம். வளவன் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தான் என்று முடித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். குழந்தைவேலுதான், தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு, "வேணாம் அரசி. அவன் சாகட்டும்," என்றார். "இந்த ஒரு தடவை நீ முதல்ல எழுது. அதைப் பார்த்து நான் வரையறேன். கை நடுங்கறதுக்குள்ள." ஏன் என்று கேட்டாள். தண்ணீர் கேட்டார். அது போன வாரம். அதிலிருந்து தினமும் கேட்கிறார், எழுதிட்டியா? தினமும் ஏதோ ஒரு வேலை அவளுக்கு வந்துவிடுகிறது.

மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது கீரை. இன்னும் ஒரு கட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது. முன்பெல்லாம் இந்த நேரத்தில் அந்த அறையிலிருந்து ஒரு சத்தம் வரும், தூரிகையைத் தண்ணீர்க் குவளையில் அலசிவிட்டு அதன் விளிம்பில் தட்டுகிற சத்தம், டக் டக் என்று. எழுதுகிறபோது அது கேட்டால் எரிச்சலாக இருக்கும். கொஞ்சம் சும்மா இருங்களேன் என்று இங்கிருந்தே கத்துவாள். இருக்கமாட்டார், வேண்டுமென்றே இன்னும் நாலு தட்டுத் தட்டுவார். இப்போது சும்மா இருக்கிறார். அந்தச் சத்தத்துக்காக உடம்பெல்லாம் ஏங்குகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனுஷருக்காக இந்தப் பக்கம் உட்கார்ந்து ஏங்குவது என்ன கூத்து? எழுந்து போனால் பத்தடி. போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம். பிடித்தாலும் ஏக்கம் போகிறதா என்றால் போவதில்லை, கை இளைத்திருப்பது தெரிகிறது, இன்னும் அதிகமாகிறது. எழுதாமல் இருந்துவிட்டால்? ஜோதிலிங்கம் வந்தால் தலைவலி என்று சொல்லிவிடலாம். நாளைக்கு என்று சொல்லலாம். நாளைக்கும் தலைவலி வரும். வளவன் சாகாமல் இருக்கிறவரை... சீ, என்ன புத்தி இது, கிளியைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டாள் மறுபடியும். கடைசிக் காம்பை உருவினாள். பேப்பரில் ஒன்றும் இல்லை இப்போது, வெறும் குச்சிகளும் பழைய செய்திகளும். வெள்ளைத் தாளை இழுத்தாள். வளவன், என்று எழுதினாள். அதற்குமேல் ஓடவில்லை. சாவைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஒன்றுமே தெரியாமல் ஒருத்தனை அதற்குள் எப்படி அனுப்புவது?

"அரசி."

பேனாவைப் போட்டுவிட்டு ஓடினாள். குழந்தைவேலு கண் விழித்து மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணி வேணுமாங்க என்றாள். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"எழுதிட்டியா?"

"கீரை ஆய்ஞ்சிட்டிருந்தேங்க."

"மத்தியானத்துலேருந்தா?"

"பொடிக் கீரை. நார் நிறைய."

அவர் அவளைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தாள், சிரிக்கவில்லை. உதடு ஒரு பக்கம் கோணியது, அது அழுகைக்கு முந்தியது என்று புரிய அவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவர் அம்மா போனபோதுகூடக் கிணற்றடிப் பக்கம் போய்விட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவர்.

"எனக்குப் பயமா இருக்கு அரசி," என்றார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். போர்வையை இழுத்து விட்டாள்.

"எத்தனை ஊர் சொல்லியிருப்ப. மூணு சூரியன், வாயு மழை, கல்லு பேசற ஊரு. எதுக்காவது நான் பயந்திருக்கேனா? நீ முதல்ல போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுவ. அப்புறம்தான் நான் வரைவேன். இப்ப இதுக்கு மட்டும் ஒண்ணுமே சொல்லாம என்னை முன்னாடி போன்னு சொல்ற."

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"மூணு சூரியன் மட்டும் தெரிஞ்சா சொன்ன?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். பலகையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற அதே பொறுமை. வெளியே ஏதோ ஸ்கூட்டர் வந்து நின்றது. ஜோதிலிங்கமாக இருக்கலாம். இருக்கட்டும். அழைப்பு மணி ஒருமுறை அடித்தது, கொஞ்ச நேரம் கழித்து மரியாதையாக இன்னொரு முறை. அவள் அசையவில்லை.

"சொல்லு," என்றார். "எங்க படுத்திருக்கான்?"

"கப்பல்லதான்," என்றாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எஞ்சினை நிறுத்தச் சொல்லிட்டான். அதனால சத்தம் இல்ல. ஜன்னல் பக்கமா கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கு."

"ஜன்னல்ல என்ன தெரியுது?"

"ஒண்ணும் பெரிசா இல்லீங்க. கறுப்பு. நாலஞ்சு நட்சத்திரம். தூரத்துல."

"வலிக்குதா?"

"வலிச்சுது. இப்ப கொஞ்சம் விட்டிருக்கு."

"அவன் பயப்படறானா?"

"பயப்படறான்." பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. "ஆனா பேச்சுக் கேட்டுட்டிருக்கான். பேச்சுக் கேக்கறப்ப பயம் கொஞ்சம் தள்ளி நிக்குது."

"யாரு பேசறது? அந்தக் கம்ப்யூட்டரா?"

"நான்," என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கப்பலில் அவளுக்கு இடமே கிடையாது, எந்த அத்தியாயத்திலும் அவள் அதில் ஏறியதில்லை. அவர் திருத்தவில்லை. மூடிய கண்ணோடு மெதுவாகத் தலையை ஆட்டினார், மனசுக்குள் அந்த இடத்தில் அவளை உட்கார வைத்துப் பார்க்கிற மாதிரி. அவர் கை போர்வைக்கு மேல் நகர்ந்து அவள் கையைத் தேடியது. அவள் கை முழுக்கக் கீரை வாசனை.

"அவன் போனப்புறம் கப்பல் என்ன ஆகும்?"

இதை அவள் யோசிக்கவே இல்லை. இத்தனை நாளாக அவருக்காகப் பயப்பட்டாள், சாவுக்குப் பயப்பட்டாள், வெள்ளைத் தாளுக்குப் பயப்பட்டாள். அவர் இது ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

"ஓடும்ங்க," என்றாள். "நான் ஓட்டிக்குவேன்."

"உனக்கு ஓட்டத் தெரியாதே அரசி."

"தெரியாது." கண்ணீர் வழிந்து தாடையில் நின்றது, துடைக்கக் கை இல்லை, ஒரு கை அவரிடம் இருந்தது, இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. கத்துக்கறேன்."

அவர் பிடி தளர்ந்தது மாதிரி இருந்தது, பிறகு இறுகியது.

"சரி," என்றார். "மேல சொல்லு."